வர்க்கி சுற்றி வந்த புத்தகம்

அந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு நான் எங்கள் வீட்டுக் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்தியிருந்தது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது விரலை அறுத்துக்கொண்டு வந்த ஒருவருக்குக் கட்டுப் போட்டு, ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் மூன்று ஐம்பத்தைந்து என்று எழுதிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். அங்கிருந்து வீட்டுக்குக் கால் மணி நேர நடை.

மேசையில் இரண்டு பால் தம்ளர்கள் இருந்தன. ஒன்று காலி. மற்றதில் பாதிப் பாலும் மேலே ஏடும். ஆணியில் தொங்கவேண்டிய பச்சைப் பை இல்லை. கட்டிலின் தலைமாட்டில் இருக்கவேண்டிய புத்தகமும் இல்லை. பின்கதவைத் திறந்து பார்த்தேன். கீழ்ச்சரிவிலிருந்து மூடுபனி மேலே ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இல்லை.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளுநர். எஸ்டேட்டில் எல்லோருக்கும் நான் கம்பவுண்டர்தான். மனைவி கோத்தகிரியில் ஆசிரியை. அன்று விடைத்தாள் திருத்தப் போயிருந்தாள். மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டால் ஒரு ஒன்றரை மணி நேரம் அவர்கள் தனியாக இருப்பார்கள். பக்கத்து வீட்டில், தேயிலை ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரின் மனைவி அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். குவார்ட்டர்ஸ் வரிசையைத் தாண்டக் கூடாது என்பது விதி. என் வீட்டில் விதிகள் அதிகம். காட்டுமாடு முட்டியவர்களுக்கும் கரடி பிறாண்டியவர்களுக்கும் முதல் கட்டுப் போடுகிறவனின் வீடு அப்படித்தான் இருக்கும்.

அந்த விதியை அவர்கள் மீறியதற்குக் காரணம் ஒரு புத்தகம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்.

இரண்டு மாதம் முன்பு, ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுத்துவரக் கோத்தகிரிக்குப் போயிருந்தேன். பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் ஒரு டீயும் நான்கு வர்க்கி பிஸ்கட்டும் கேட்டேன். கடைக்காரர் ஒரு தாளைக் கிழித்து அதில் வர்க்கியை வைத்து நீட்டினார். மூன்றாவது வர்க்கியை எடுத்தபோது அதன் அடியில் ஒரு கால் தெரிந்தது. பென்சிலில் வரைந்த, செருப்பில்லாத இடது கால். நான்காவதையும் எடுத்தேன். தலைமேல் மடித்துப் போட்ட கம்பளி, தோளில் பை, முன்னால் ஒரு மலைப்பாதை வளைவு. அந்தப் பெண் பாதி திரும்பி யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீத் தம்ளரைக் கீழே வைத்தேன். அவள் யாரைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அடுத்த பக்கத்தில் ஒரு நாய் வரும். அதற்கு ஒரு காது மடங்கியிருக்கும்.

"ஏனுங்க, இந்தத் தாள் எங்கிருந்துங்க?"

"எண்ணெ பட்டிருச்சுங்களா சார்? வேற வெச்சுத் தரட்டுங்களா?"

"வேற வேண்டாங்க. இதோட மிச்சம் வேணும்."

"இன்னும் நாலு வர்க்கிங்களா?"

"வர்க்கி இல்லைங்க. புத்தகம். இதக் கிழிச்ச புத்தகம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு தாள்கட்டை உருவினார். அட்டை இல்லை. முதல் இருபது பக்கங்கள் இல்லை. மீதி இருந்தது. கையில் வாங்கியதும் அந்த நாய் இருக்கும் பக்கத்தைத் தேடினேன். காது மடங்கித்தான் இருந்தது. கடையில் நின்றபடி நான் சிரித்துவிட்டேன்.

"காலையில இருந்து வடை போட்டுட்டு இருக்கறனுங்க. மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற புக்கைக் கிழிச்சிருப்பேன்" என்றார் கடைக்காரர், நான் காலையிலிருந்தே அங்கே நின்றதுபோல.

பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் பருப்பு வடை தின்றுகொண்டிருந்தார். அவர் கையில் ஒரு பக்கம்.

"அண்ணே, அந்தத் தாளைக் குடுக்கறீங்களா?"

"வடை இன்னும் முடியலைங்களே."

"முடிச்சிட்டே குடுங்க. நிக்கறேன்."

அவர் வடையைத் தூக்கிப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "என்னங்க சார், யாரோட பட்டாவாச்சும் இதுல மாட்டிக்கிச்சா?"

"கதைங்க. ஒரு பொண்ணு தபால் கொண்டு போறா."

"அவளுக்கு வேற வேலை இல்லையா?"

"அவங்க அப்பாவுக்குக் காய்ச்சல்."

"அப்பச் சரி" என்று அவர் மீதி வடையை வாயில் போட்டுக்கொண்டு தாளை என் கையில் கொடுத்தார். குப்பைக் கூடையிலிருந்து இன்னும் இரண்டு பக்கங்களை எடுத்தேன். புத்தகத்துக்குக் காசு வாங்கக் கடைக்காரர் மறுத்துவிட்டார். மருந்துப் பெட்டிக்குள், பஞ்சுக்கும் பிளாஸ்திரிக்கும் நடுவில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏறியதும் வெளியே எடுத்துவிட்டேன். நின்றுகொண்டே படித்தேன். ஒரு கட்டத்தில் கண்டக்டர் என் தோளைத் தட்டினார். "கம்பவுண்டர் சார், உங்க ஸ்டாப் போயி ரெண்டு வளைவு ஆச்சு. பரீட்சைங்களா?"

அந்த ரெண்டு வளைவையும் திரும்ப நடந்தேன். நடந்துகொண்டே படித்தேன்.

என் பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இந்த மலையில் குடியமர்த்தப்பட்டவர்கள். இருவரும் கொழுந்து பறிக்கப் போனால் திரும்ப நாலு மணி ஆகும். பள்ளி விட்டதும் நான் இதே எஸ்டேட்டின் பிள்ளைக் காம்பராவில் போய் உட்கார்ந்துகொள்வேன். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அறையில் ஒரு மரப்பெட்டி நிறையப் புத்தகங்கள் கிடந்தன. யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதில்தான் இது இருந்தது. அப்போதும் அட்டை இருந்ததாக நினைவில்லை. நாங்கள் அதைத் தபால் புத்தகம் என்றுதான் சொல்வோம்.

கதை பெரியது இல்லை. ஒரு மலைத் தோட்டத்தில் தபால் சுமப்பவர் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். பை நிறையக் கடிதங்கள். மகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் நிற்கிறார், ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி. மழை பிடிக்கிறது. கொழுந்து எடை போடும் ஓர் இலைக் கொட்டகையில் ஒதுங்குகிறாள். அவ்வளவுதான். ஆனால் பள்ளிப் புத்தகத்தில் வந்த பிள்ளைகள் எல்லாம் வயலோரத்திலும் ஆற்றங்கரையிலும் விளையாடினார்கள். இவள் ஒருத்திதான் என் அம்மாவைப் போலக் கம்பளி போட்டுக்கொண்டு, அட்டைப்பூச்சியை உப்பு வைத்து எடுத்துக்கொண்டு, சரிவில் நடந்தாள். எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. ஒரு வருடம் காம்பராவுக்கு வெள்ளையடித்தார்கள். பெட்டி காணாமல் போனது. அதற்குப் பிறகு எனக்கு வயது நாற்பத்தாறு ஆகும்வரை நான் அவளைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

"அட்டையே இல்ல. பேரு என்ன?" என்றாள் மகள்.

"பேரு தெரியாது."

"எழுதினவங்க?"

"தெரியாது."

"அப்புறம் எப்படிப்பா நல்ல புத்தகம்னு சொல்றீங்க?"

மகன் புத்தகத்தை மோந்து பார்த்தான். "வடை வாசம் அடிக்குது. நல்ல புத்தகம்தான்" என்றான்.

கிழிந்துபோன முதல் இருபது பக்கங்களை நான் நடித்துக் காட்டினேன். காய்ச்சல்காரராகக் கட்டிலில் படுத்தேன். தலையணையைப் பையாகத் தோளில் போட்டேன். முதல் வளைவில் நிற்கும் கோபக்காரத் துரையாகக் கத்தினேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கொஞ்சம் மெதுவாத்தான் கத்துங்களேன். பக்கத்து ஊட்டுல நம்ம ரெண்டு பேருக்கும் சண்டைன்னு நினைக்கப் போறாங்க."

"துரை அப்படித்தான்மா கத்துவாரு" என்று மகன் எனக்காக வாதாடினான்.

நாலாவது நாள் மகள் என்னை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வளைவில் நிறுத்தினாள். கையில் புத்தகம். படத்தில் இருந்த கல்சுவரையும் ரோட்டோரத்துக் கல்சுவரையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். "அப்பா, இது இதேதான். பாருங்க, தண்ணி வர்ற ஓட்டை கூட இருக்குது." பத்து வயதில் நானும் இதே இடத்தில் நின்று இதையேதான் நினைத்தேன். இந்த மலையில் எல்லாக் கல்சுவரிலும் தண்ணீர் போக ஓட்டை இருக்கும் என்று அவளிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் இன்னும் ஒரு படி மேலே போனேன்.

"அவ ஒதுங்குனாளே ஒரு கொட்டகை, அது எங்க இருக்குது தெரியுமா? நம்ம ஒம்பதாம் நம்பருக்குக் கீழ, சோலைக்காட்டு ஓரத்துல. பழைய இலைக் கொட்டகை. அதேதான்."

"நிஜமாவா?"

"நிஜமா."

ஒன்பதாம் நம்பர் என்பது எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம் கீழே இறங்கினால் வரும் தேயிலைக் காடு. ரோட்டோரம் புதுக் கொட்டகை கட்டிய பிறகு அங்கே யாரும் இலை எடை போடுவதில்லை. பகலில்கூடக் காட்டுமாடுகள் வந்து நிற்கும் இடம். அந்தக் கொட்டகைக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தம் இருப்பதற்கு எனக்கு ஓர் ஆதாரமும் இல்லை. சின்ன வயதில் நானாக முடிவு செய்துகொண்டது. என் மகளின் முகம் அப்படி மலர்வதைப் பார்த்த பிறகு அதை வெறும் நினைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு வீடே தபால் ஆபீஸ் ஆனது. என் பழைய பச்சை ரெயின்கோட்டை வெட்டி மனைவி ஒரு பை தைத்துக் கொடுத்தாள். பள்ளி விட்டு வந்ததும் இருவரும் குவார்ட்டர்ஸ் வரிசையில் கடிதம் கொடுப்பார்கள். டீமேக்கருக்குப் போன முதல் கடிதம்: உங்கள் பூனை எங்கள் மீனைத் தின்றுவிட்டது. அவரிடமிருந்து மறுநாள் பதில் வந்தது: பூனைக்குப் படிக்கத் தெரியாததால் நான் வாசித்துக் காட்டினேன், அது வருத்தம் தெரிவிக்கவில்லை. பெரியவர்கள் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள். போனை எடுத்தால் கீழே வைக்காத என் பிள்ளைகள் ஒரு மாதமாகப் போனைக் கேட்கவில்லை. நான் சந்தோஷத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினேன். ஊசி போடும்போது பேசினால் அவர்களுக்கும் வலி தெரியாது.

இப்போது நான்கு பத்துக்குத் திரும்புகிறேன்.

டீமேக்கரின் மனைவி துணி எடுத்துக்கொண்டிருந்தார். "மூணரைக்கே பையைத் தூக்கிட்டுப் போனாங்களே. தபால் போகுதுன்னாங்க. நான்கூட எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு குடுத்துவிட்டேன், வரும்போது தயிர் வாங்கிட்டு வரச் சொல்லி."

ஃபேக்டரிக்கு ஓடினேன். டீமேக்கர் இலை உலர்த்தும் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார். தயிர்க் கடிதம் அவருக்கு வந்து சேரவில்லை. அவரும் என்னோடு வீட்டுக்கு ஓடிவந்தார். இந்த முறை தம்ளர்களைத் தூக்கிப் பார்த்தேன். காலித் தம்ளரின் அடியில் மகளின் நோட்டுத் தாள் ஒன்று நாலாக மடித்து இருந்தது. அடித்தல் திருத்தலோடு எழுதிய முதல் படி. நல்ல படியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அன்புள்ள தபால் அக்காவுக்கு, நீங்கள் மழைக்கு ஒதுங்கிய கொட்டகை எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது என்று அப்பா சொன்னார். நாங்கள் வந்து அங்கே கடிதம் வைக்கிறோம். பதில் எழுதவும்.

அப்பா சொன்னார் என்ற இரண்டு சொற்களை நான் நின்று படித்துக்கொண்டிருந்தேன். டீமேக்கர்தான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

எஸ்டேட்டில் காட்டுமாடுகளை விரட்டுவதற்கென்று ஒரு வாட்சர் உண்டு. தோளில் எப்போதும் வெடிப் பை தொங்கும். அவரிடம் ஓடிப்போய் ஒன்பதாம் நம்பர் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"மத்தியானத்துல இருந்து அங்க ஏழு நிக்குதுங்க சார். கன்னுக்குட்டியோட."

மூவரும் இறங்கினோம். ஒன்பது என்று சுண்ணாம்பில் எழுதிய கல்லுக்குப் பக்கத்தில் வாட்சர் எங்களை நிறுத்தினார். அங்கிருந்து கொட்டகை கூப்பிடு தூரம்தான். மூடுபனியில் நாலு செடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மாட்டின் வாடை அடித்தது. எங்கோ கிட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. மனிதனுக்கு வராத அளவு நீளமான மூச்சு.

"மொதல்ல அதுகள ஒதுக்கிட்டுத்தான் நாம இறங்க முடியும்" என்று சொல்லி வாட்சர் ஒரு வெடியைப் பற்றவைத்து எறிந்தார். செடிகள் முறியும் சத்தம் கீழ்நோக்கிப் போனது. நான் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. திரும்பக் கத்தினேன். டீமேக்கரும் கத்தினார்.

"இன்னொண்ணு போடுங்க" என்றேன்.

போட்டார். கத்தினோம். பதில் இல்லை. இன்னொன்று. பதினைந்து அடி இறங்குவோம், மூச்சுச் சத்தம் கேட்கும், வாட்சர் கையைக் குறுக்கே நீட்டுவார், நிற்போம், வெடி போடுவார், நான் கத்துவேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"புள்ளைங்க கொட்டகையில இருந்தா இது கேக்கும் சார்" என்றார் வாட்சர்.

"கேட்டா ஏன் பதில் சொல்லல?"

அவர் பைக்குள் அடுத்த வெடியைத் தேடினார். போன வருடம் ஒருவரைக் கதவுப் பலகையில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அவருடைய சட்டையை நான்தான் கத்தரித்தேன். அந்தச் சட்டையின் நிறம் அந்த நேரத்தில் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

ஐந்தரை பஸ்ஸில் மனைவி வந்து இறங்கியிருக்கிறாள். குவார்ட்டர்ஸில் கேள்விப்பட்டதும் விடைத்தாள் கட்டை நெஞ்சோடு பிடித்தபடியே ஒன்பதாம் நம்பர் கல்லைத் தாண்டி எங்களிடம் வந்துவிட்டாள். அழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் எதிரிலேயே ஒரு வெடி வெடித்தது. நான் கத்தினேன்.

"எத்தன வெடி போட்டிருப்பீங்க?" என்றாள்.

"எட்டு. ஒம்பது. தெரியல."

"எத்தன நேரமா?"

"முக்கால் மணி நேரமா. இதெல்லாம் இப்ப எதுக்குக் கேக்கற?"

"நிறுத்துங்க. அண்ணா, நீங்களும் நிறுத்துங்க. ஏனுங்க, வெடி கேட்டா என்ன பண்ணணும்னு நம்ம புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

நான் வாட்சரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எங்கள் எஸ்டேட்டில் வெடிச்சத்தம் என்றால் கிட்டத்தில் மிருகம் இருக்கிறது என்று அர்த்தம். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளே போகச் சொல்லிப் பழக்கியிருப்பார்கள். நான் அதோடு நிறுத்தியவன் இல்லை. வெடி கேட்டால் பக்கத்தில் இருக்கும் கூரைக்குள் போ. கதவைச் சாத்து. வாயைத் திறக்காதே. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே. நானே கூப்பிட்டாலும் சொல்லாதே. அப்பா குரல் கேட்டதும் ஓடி வருகிற பிள்ளை நடுவில் நிற்கும் மாட்டைப் பார்க்காது. கடைசி வெடிக்குப் பிறகு நூறு வரைக்கும் இரண்டு தடவை எண்ணு. அப்புறம்தான் வெளியே வர வேண்டும். நடுவில் இன்னொரு வெடி கேட்டால் திரும்ப ஒன்றிலிருந்து. மாதம் ஒரு முறை, எங்கள் வீட்டுக் கூடத்தில், நான் கையைத் தட்டி வெடி போல் சத்தம் எழுப்பி இருவரையும் இதில் பழக்கியிருக்கிறேன். மனைவி கேலி செய்வாள். மகள் ஒரு எண்ணைக்கூட விடமாட்டாள்.

முக்கால் மணி நேரமாக அவர்களை ஒன்றுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது நான்தான்.

"ஒருவேளை அதுக திரும்ப மேல வந்துச்சுன்னா?" என்றார் வாட்சர், வெடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு.

"வரட்டுங்கண்ணா. நாம ரோட்டுக்குப் போயிரலாம். சத்தம் மட்டும் வேண்டாம்."

ரோட்டுக்கு ஏறி நின்றோம். நானும் எண்ணினேன். நூறு. இன்னொரு நூறு. சில்வர் ஓக் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. யாரும் வரவில்லை. சின்னவன் தப்பாக எண்ணுவான், அக்கா திருத்துவாள், அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு நூறு எண்ணினேன். பாதை ஏற்றம், அவன் கால் சிறியது, அதற்கு ஒரு நூறு. கத்த வேண்டும் போல இருந்தது. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்துவிட்டது. பிறகுதான் அதைப் பார்த்தேன்.

ஆறு ஐந்து ஆயிற்று. வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. நான் நினைத்தது தப்போ என்ற எண்ணம் வந்துவிட்டது. பதில் வராததற்கு வேறு காரணம் இருக்கலாம். மனைவியும் அதையேதான் நினைத்தாள் என்று அவள் பிடி இறுகியதில் தெரிந்தது. டீமேக்கர் வனத்துறை ஜீப்புக்குப் போன் செய்ய சிக்னல் கிடைக்கும் இடம் தேடி மேலே நடந்தார்.

அப்போது கீழே குச்சி உரசும் சத்தம் கேட்டது. வாட்சர் எங்களைப் பின்னால் தள்ளினார். மூடுபனிக்குள்ளிருந்து முதலில் ஒரு விறகுக் கட்டு வந்தது. அதற்குக் கீழே ஒரு கம்பளி. அந்த அம்மாவை எனக்குத் தெரியும். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், இலங்கையிலிருந்து வந்த தலைமுறை. பிரஷர் மாத்திரைக்கு என்னிடம்தான் வருவார். அவருடைய கம்பளியின் இந்த ஓரத்தை மகள் பிடித்திருந்தாள், அந்த ஓரத்தை மகன். பச்சைப் பை மகன் கழுத்தில் தொங்கியது.

மனைவி விடைத்தாள்களை ரோட்டில் போட்டுவிட்டு இருவரையும் சேர்த்து அள்ளினாள். நான் மகனின் கையை, காலை, தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், ஆஸ்பத்திரியில் செய்வதுபோல. ஒரு கீறல் இல்லை.

"அப்பா, நீங்க கூப்பிட்டது எல்லாம் கேட்டுச்சு" என்றாள் மகள். "பதில் சொல்லலாமான்னு தம்பி கேட்டான். கூடாதுன்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"சரிதான்" என்றேன்.

"ரெண்டாவது நூறுல எண்பத்தாறு வரைக்கும் போயிட்டேன் ஒரு தடவ. அப்பப் பாத்துப் போட்டீங்க" என்றான் மகன், என்மேல் கோபமாக.

அந்த அம்மா விறகை இறக்கிக் கல்லில் சாய்த்து வைத்தார். அவர் விறகு பொறுக்கித் திரும்பும்போது முதல் வெடி கேட்டிருக்கிறது. கொட்டகைக்குள் ஒதுங்கினால் அங்கே ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், மூடுபனியில் திரும்பும் பாதை தெரியாமல். நாங்கள் மேலிருந்து விரட்டிய ஏழும் நேராகப் போய் அந்த வாசலிலேயே நின்றுவிட்டன. ஒவ்வொரு வெடிக்கும் அவை கொட்டகையோடு இன்னும் நெருங்கின. ஒரு மாடு பலகைச் சுவரில் முதுகைத் தேய்த்ததாம். வெடி நின்ற பிறகுதான் அவை ஒவ்வொன்றாகச் சோலைக்குள் இறங்கியிருக்கின்றன. எண்ணி முடித்தும் அவை நகராத நேரமெல்லாம், சின்னவன் அழாமல் இருப்பதற்காக மகள் புத்தகத்தை எடுத்து, இருவர் காதிலும் விழும்படி கிசுகிசுவென்று படித்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உதறிவிட்டு, வாட்சரையும் என்னையும் மாறி மாறி முறைத்தார்.

"யாருப்பா அது, மேல நின்னுக்கிட்டு டமார் டமார்னு? மாடு பூராத்தையும் எங்க வாசல்ல கொண்டாந்து கட்டிப்புட்டீங்களே. சரி, அது கெடக்கட்டும். பாப்பா படிச்சுக்கிட்டு வருது, கதையில வர்ற அந்தப் புள்ள பையில இருந்து ஒரு கடுதாசி நழுவி ஓடையில போகுதுன்னு. அந்த நேரம் பாத்து ஒரு வெடி. அதுக்கப்புறம் அரைப் பக்கம் என் காதுல விழல. பாப்பா வேற திரும்பப் படிக்க மாட்டேங்குது, எண்ணணுமாம். ஏன் தம்பி, நீங்களாவது சொல்லுங்க. அந்தக் கடுதாசி கெடச்சுச்சா, இல்லையா?"